கட்டுப் போட்ட கை

யெர்ஸி கோஸின்ஸ்கியின் 'வர்ணம் பூசிய பறவை'யைப் படித்தவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டால் முதலில் வரும் வார்த்தை 'உக்கிரம்'. இரண்டாவது வார்த்தையும் பெரும்பாலும் அதுதான். 1965இல் ஆங்கிலத்தில் வெளிவந்த இந்த நாவலில், போர்க்காலத்தில் பெற்றோர் பத்திரத்துக்காகக் கிராமப்புறத்துக்கு அனுப்பிவைத்த சிறுவன் ஒருவன் ஊர் ஊராக அலைகிறான். கறுத்த தலைமயிர், யூதனோ ஜிப்ஸியோ என்று பார்ப்பவர்களுக்கெல்லாம் சந்தேகம். ஓர் ஊரில் மாவரைப்பவன் ஒருவன் தன் மனைவியை இச்சையோடு பார்த்த வேலைக்காரப் பையனின் கண்களைக் கரண்டியால் தோண்டி எடுக்கிறான். இன்னோர் இடத்தில் ஒருவனை எலிகள் தின்று தீர்க்கின்றன. சிறுவனைத் தூக்கிச் சாணக்குழியில் எறிகிறார்கள். வெளியே வரும்போது அவனுக்குப் பேச்சு போய்விட்டிருக்கிறது. 2019இல் இது திரைப்படமானது. வெனிஸ் விழாவில் பார்வையாளர்கள் பாதியில் எழுந்துபோனார்கள் என்பதையே படத்தின் தகுதிபோல எடுத்துச் சொன்னார்கள்.

நாம் எதைப் பார்த்து உக்கிரம் என்கிறோம் என்பதுதான் என் கேள்வி. இது கோஸின்ஸ்கி ஒருவரைப் பற்றிய கேள்வி அல்ல. நம் சிற்றேடுகளில் கொஞ்ச காலமாகவே குரூரத்தின் அளவை வைத்துப் படைப்பின் நேர்மையை அளக்கும் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ரத்தம் வந்தால் யதார்த்தம். ரத்தம் வராவிட்டால் மத்தியதர வர்க்கத்துப் பாசாங்கு. இந்தத் தராசை, யூதக் குழந்தைகள் ஒளித்துவைக்கப்பட்டுப் பிழைத்த அனுபவத்தை எழுதிய சில புத்தகங்களின் முன் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். தராசு தாங்காது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் கோஸின்ஸ்கி கணக்கை முடித்துவிடுவோம். அவருடைய பிறப்புப் பெயர் யூஸெஃப் லெவின்கோப்ஃ. 1933இல் போலந்தின் லோட்ஸ் நகரில் பிறந்தவர். 'கோஸின்ஸ்கி' என்பது ஜெர்மானியரிடமிருந்து தப்பத் தந்தை எடுத்துக்கொண்ட போலிஷ்ப் பெயர். குடும்பம் அந்தப் பெயரில், ஒரு கிராமத்தில், கத்தோலிக்கக் குடியானவர்களின் நடுவே பிழைத்தது. சிறுவன் தனியாக அலையவில்லை, பெற்றோருடன்தான் இருந்தான். நாவல் வந்த புதிதில் எலி வீஸல் போன்றவர்களே இதை ஒரு சாட்சியமாக எடுத்துக்கொண்டு புகழ்ந்தார்கள். கோஸின்ஸ்கி மறுக்கவில்லை, அப்படி எடுத்துக்கொள்ளும்படி நடந்துகொண்டார். 1982இல் நியூ யார்க் பத்திரிகை ஒன்று அவரைப் பற்றிப் பல கேள்விகளைக் கிளப்பியது. அவர் 1991இல் தற்கொலை செய்துகொண்ட பிறகு, போலந்துப் பத்திரிகையாளர் யோயன்னா ஷெட்லெட்ஸ்கா அந்தக் கிராமத்துக்கே போய் விசாரித்து ஒரு புத்தகம் எழுதினார்.

நாவலாசிரியன் பொய் சொல்லிவிட்டான் என்று குற்றப்பத்திரிகை படிக்க நான் பாங்க் இன்ஸ்பெக்டர் அல்ல. கற்பனைக்கு அவருக்கு முழு உரிமை உண்டு. என் ஆட்சேபணை வேறு. நிஜத்தில் நடந்ததைவிடச் சுலபமான பொய்யை அவர் தேர்ந்துகொண்டார். ஒரு குழந்தை தன் பெயரை விழுங்கிவிட்டு, அயல்மதப் பிரார்த்தனையை மனப்பாடம் செய்துகொண்டு, தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய மனிதர்களோடு தினமும் சிரித்துப் பேசி, அவர்களில் சிலர் விஷயம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருப்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் வாழ்ந்ததை எழுதுவது கஷ்டம். கரண்டியும் கண்ணும் சுலபம். எல்லாக் கிராமத்தானும் ராட்சதனாக இருந்துவிட்டால் குழந்தை மனதில் சிக்கலே இல்லை. அது வெறுத்தால் போதும்.

அந்தக் கஷ்டமான பொய்யை நாவலாக எழுதியவர் லூயி பெக்லி. அவரும் 1933இல் போலந்தில் பிறந்தவர். தாயுடன் போலிப் பத்திரங்களில் பிழைத்தவர். 1991இல் வந்த 'போர்க்காலப் பொய்கள்' நாவலில் மாச்செக் என்ற சிறுவனின் பெரிய பயங்களில் ஒன்று, ஞானஸ்நானம் பெறாமலேயே முதல் நற்கருணை வாங்கவேண்டியிருப்பது. அவன் போதனை வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை நம்பிவிட்டான். பிழைப்பதற்காகச் சொல்லும் பொய் பாவம் என்று அந்தப் பொய்யே அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறது. இதற்கு எந்த எலியும் வேண்டியதில்லை.

இன்னும் சுருக்கமாக, நாலைந்து பக்கத்தில், இதைச் செய்து காட்டியவர் இடா ஃபிங்க். 1942இல் கெட்டோவிலிருந்து தப்பிப் போலிப் பத்திரங்களில் பிழைத்தவர். போலிஷ் மொழியில் எழுதினார். அவருடைய 'சாவி விளையாட்டு' என்ற கதையில் தகப்பன், தாய், மூன்று வயதுப் பிள்ளை. பிள்ளைக்கு நீலக்கண், வெளிர்மயிர். பார்த்தால் யூதக் குழந்தை என்று தெரியாது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் விளையாட்டு ஆரம்பமாகிறது. தாய் வாயாலேயே மணியடிக்கிறாள். பிள்ளை உடனே கதவைத் திறக்கக் கூடாது. சாவியைத் தேடுவதுபோல நாற்காலியை இழுத்து, இழுப்பறையைத் திறந்து மூடி, தடதடவென்று ஓடிச் சத்தம் செய்யவேண்டும். அந்தச் சத்தத்தில் தகப்பன் குளியலறைச் சுவரில் உள்ள பொந்துக்குள் நுழைந்துகொள்ள வேண்டும். இன்னும் சத்தம் போடு, இன்னும் நேரம் கொடு என்கிறார்கள். பகலில் தாய் வேலைக்குப் போய்விடுவாள். நிஜமாக மணி அடிக்கும்போது இந்த மூன்று வயதுதான் காவல். கடைசிப் பாடம், அப்பா எங்கே என்று கேட்டால் செத்துப்போய்விட்டார் என்று சொல்வது. பிள்ளை சொல்கிறது. சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் தகப்பன்மேல் பாய்ந்து கட்டிக்கொள்கிறது.

கதையில் ஒரு துளி ரத்தம் கிடையாது. ஒரு ஜெர்மன் சிப்பாய்கூட வருவதில்லை. எழுத்தாளர் எங்கும் குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஒளிதல் என்ற அனுபவத்தின் மையத்தை இக்கதை தொட்டுவிடுகிறது. ஒளித்துவைக்கப்படும் குழந்தை சும்மா கிடக்கும் பொருள் அல்ல. அதற்கு ஒரு வேலை கொடுக்கப்படுகிறது. வேலை என்னவென்றால், தனக்கு மிக வேண்டியவர்களை வாயால் இல்லாமல் ஆக்குவது.

இங்கே ஜோர்ஜ் பெரெக்கிடம் வரவேண்டும். 1936இல் பாரிஸில் போலந்து யூதத் தம்பதிக்குப் பிறந்தவர். தந்தை பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து 1940 ஜூனில் இறந்தார். தாய் சிகையலங்காரம் செய்து பிழைத்தவர். பையனை பாரிஸின் லியோன் ரயில் நிலையத்தில், ஜெர்மானியர் அப்போது பிடித்திராத தெற்குப் பகுதிக்குச் செல்லும் செஞ்சிலுவைச் சங்க வண்டியில் ஏற்றி அனுப்பினார். அவன் ஆல்ப்ஸ் மலையடியில் வில்லார் என்ற ஊரில், உறவினர் பராமரிப்பிலும் கத்தோலிக்கப் பள்ளியிலுமாகப் பிழைத்தான். தாய் பாரிஸிலேயே பிடிபட்டு 1943இல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். பெரெட்ஸ் என்ற யூதப் பெயர் எழுத்துக்கூட்டலில் பெரெக் ஆகி, பிரிட்டனிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெயர்போல ஒலித்தது என்ற தற்செயலும் சேர்ந்து அவனைக் காப்பாற்றியது.

1975இல் வந்த 'டபிள்யூ அல்லது சிறுவயது ஞாபகம்' நூலில், தனக்குச் சிறுவயது ஞாபகங்கள் கிடையாது என்று அறிவித்துவிட்டுத்தான் பெரெக் தொடங்குகிறார். (டேவிட் பெல்லோஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன், பிரெஞ்சு எனக்குத் தெரியாது.) பாதிப் புத்தகம் ஒரு தீவின் கதை. அங்கே வாழ்க்கை முழுவதும் விளையாட்டுப் போட்டி. மெல்ல மெல்ல அது முகாமாகத் தெரிய வருகிறது. இந்தப் பகுதி எனக்குக் கொஞ்சம் அலுப்புத் தந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உருவகம் புரிந்த பிறகும் நாற்பது ஐம்பது பக்கம் நீள்கிறது. மற்றப் பாதியில்தான் புத்தகத்தின் உயிர். ரயில் நிலையத்தில் தாயைக் கடைசியாகப் பார்த்த ஞாபகத்தை அவர் எழுதுகிறார். தாய் ஒரு படக்கதைப் பத்திரிகை வாங்கித் தருகிறாள்; அட்டையில் சாப்ளின் பாராசூட்டில் இறங்குகிறார். தன் கை கட்டுப் போட்டுக் கழுத்திலிருந்து தொங்குகிறது. பிறகு அவரே குறுக்கிடுகிறார். அத்தையைக் கேட்டேன், கையில் கட்டு எதுவும் இருந்ததில்லை என்று சொல்லிவிட்டார் என்கிறார். செஞ்சிலுவை வண்டி காயம்பட்டவர்களைத்தானே ஏற்றிச் செல்லும், எனவே காயம்பட்டவனாக இருந்தாக வேண்டும் என்ற குழந்தைத் தர்க்கம் அந்தக் கட்டைப் போட்டிருக்கலாம் என்று யோசிக்கிறார். இன்னோர் இடத்தில், விபத்தில் தோளெலும்பு முறிந்ததாக நினைவு. விசாரித்தால் முறிந்தது வேறொரு பையனுக்கு.

தாய் கையைவிட்டுப் போன குழந்தைக்குக் காட்டுவதற்குக் காயம் எதுவும் இல்லை. யாராவது பார்த்து ஐயோ என்று சொல்லக்கூடிய இடம் உடம்பில் எங்கும் இல்லை. எனவே ஞாபகம் ஒரு கட்டைக் கற்பித்துக்கொள்கிறது. இதை எழுதியவர் அந்தக் கட்டை வாசகன் முன்னாலேயே அவிழ்த்துப் பார்க்கிறார். கோஸின்ஸ்கியின் நாவல் முழுவதும், என் வாசிப்பில், அவிழ்க்கப்படாத அந்தக் கட்டுதான். அடுக்கடுக்காகச் சுற்றி, மேலே சிவப்பு மையும் ஊற்றியிருக்கிறது. அவரை எப்படி ஏசுவது? அவரும் ஒரு ஒளிந்த குழந்தை. கட்டில்லாமல் தன் வேதனையை யாரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். நாமும் அப்படித்தான் நம்பியிருக்க மாட்டோம் என்பதும் உண்மை. இந்த நம்பிக்கையின் அடுத்த கட்டம் 1995இல் வில்கோமிர்ஸ்கி என்ற பெயரில் ஜெர்மனில் வந்த 'துண்டுகள்'. முகாம்களில் கழிந்த பிள்ளைப்பிராயம் என்று குரூரக் காட்சிகளை அடுக்கிய அந்த ஞாபகநூலைப் பரிசு கொடுத்து வரவேற்றார்கள். 1998இல் ஒரு ஸ்விஸ் எழுத்தாளர் தோண்டினார். ஆசிரியர் ஸ்விட்ஸர்லாந்தில் 1941இல் பிறந்து அங்கேயே வளர்ந்தவர், யூதர்கூட அல்லர். வாசகர்கள் எதை உண்மையின் முகம் என்று எதிர்பார்க்கிறார்களோ அதை அவர் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்திருந்தார்.

பெரெக்கில் இன்னொன்று என் உத்தியோகம் காரணமாகக் கண்ணில் பட்டது. அவருடைய தாய்க்கு 1947இல் பிரெஞ்சு அரசு கொடுத்தது மரணச் சான்றிதழ் அல்ல, காணாமல்போனதற்கான சான்றிதழ். 1958 அக்டோபரில் வந்த ஆணைதான் அவர் 1943 பிப்ரவரி 11இல், ட்ரான்ஸியில் இறந்ததாக அறிவித்தது. ட்ரான்ஸி பாரிஸையொட்டிய தடுப்பு முகாம். அன்று அவர் அங்கே இறக்கவில்லை. அங்கிருந்து ஆஷ்விட்ஸுக்கு அவரை ஏற்றிய ரயில் புறப்பட்ட தேதி அது. அரசின் பேரேட்டில் அவர் கடைசியாகப் பதிவான இடத்திலேயே அவரைச் சாகடித்துக் கணக்கை நேர் செய்துவிட்டார்கள். ஏழு வருஷம் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று நம் சட்டத்திலும் விதி இருக்கிறது. அந்த விதியின் கீழ் கணக்கை முடிக்க வரும் மனுக்களைப் பார்த்திருக்கிறேன். எழுதிக்கொண்டு வருபவர்களில் பலர் 'இறந்தார்' என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு 'இதுநாள்வரை வரவில்லை' என்றுதான் எழுதுகிறார்கள். பெரெக் 1969இல், பிரெஞ்சில் மிக அதிகம் வரும் 'ஈ' என்ற எழுத்து ஒரு தடவைகூட வராமல் ஒரு நாவல் எழுதினார். அந்த எழுத்தில்லாமல் பிரெஞ்சில் அப்பா, அம்மா என்ற சொற்களை எழுத முடியாது. அவருடைய பெயரையும் எழுத முடியாது. இதைப் பலரும் சொல்லியாயிற்று. நாவலின் தலைப்பும் தாயின் சான்றிதழில் இருந்த அதே சொல், 'காணாமல்போதல்'. வார்த்தை ஜாலம் என்று இந்த நாவலை ஒதுக்குபவர்கள் அந்தச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஸோல் ஃப்ரீட்லாண்டரைப் பற்றி ஒரு பாரா எழுதினால் போதும்; அவர் பெரிய சரித்திராசிரியர், அவருக்கு நம் சிபாரிசு தேவையில்லை. 1932இல் ப்ராகில் பாவெல் என்ற பெயரில் பிறந்தார். பிரான்ஸில் போல் ஆனார். கத்தோலிக்க விடுதிப்பள்ளியில் ஞானஸ்நானம் பெற்றுப் போல்-ஆன்ரி ஃபெர்லான் ஆனார். ஒரு தடவை விடுதியிலிருந்து ஓடிப் பெற்றோர் ஒளிந்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்கிறான் சிறுவன். பெற்றோர்தான் அவனைப் பிரித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். பிறகு 1942இல் அவர்கள் ஸ்விஸ் எல்லையைக் கடக்கும்போது காவலர்கள் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சமயத்தில் சிறு குழந்தையோடு வந்தவர்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்கள் குழந்தையைப் பத்திரமாக ஒளித்துவைத்துவிட்டு வந்திருந்தார்கள். அங்கிருந்து ஆஷ்விட்ஸ். 'ஞாபகம் வரும்போது' நூலில் ஃப்ரீட்லாண்டர் இந்த இடத்தில் ஒப்பாரி வைக்கவில்லை; அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். பையன் போர் முடிந்த பின்னும் ஜெஸூயிட் துறவியாகும் ஆசையோடுதான் இருந்தான். 1946இல் ஒரு ஜெஸூயிட் பாதிரியார்தான் ஆஷ்விட்ஸ் என்ற பெயரின் அர்த்தத்தை அவனுக்கு முதன்முதலாகச் சொன்னார்.

நான் மெனக்கெட்டு எழுத விரும்பியது ஸாரா கோஃப்மனின் 'ஓர்தனே தெரு, லபா தெரு' பற்றி. 1994இல் வெளிவந்தது. ஆன் ஸ்மாக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1996இல். நூறு பக்கம்கூட இல்லாத புத்தகம், குட்டி அத்தியாயங்கள். கோஃப்மன் பாரிஸில் தத்துவப் பேராசிரியை. நீட்சே, ஃப்ராய்ட் பற்றியெல்லாம் இருபதுக்கு மேல் நூல்கள் எழுதியவர். இந்தச் சின்னப் புத்தகத்தை எழுத அத்தனை நூல்களும் சுற்றுவழிகளாக இருந்திருக்கலாம் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அதே ஆண்டு அக்டோபரில் தற்கொலை செய்துகொண்டார். இந்தச் செய்தியை முன்னால் நிறுத்திப் புத்தகத்தைப் படிப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. புத்தகத்துக்கு அந்த ஊன்றுகோல் வேண்டியதில்லை.

தந்தை ராபி, போலந்திலிருந்து வந்தவர். 1942 ஜூலை 16. பாரிஸில் பிரெஞ்சுப் போலீஸே வீடு வீடாகப் போய் இரண்டு நாளில் பதின்மூவாயிரம் யூதர்களைப் பிடித்த நாள். அதில் நாலாயிரத்துக்கு மேல் குழந்தைகள். தந்தைக்கு முன்கூட்டியே செய்தி தெரியும். மற்றவர்களை எச்சரித்துவிட்டு வீட்டுக்கு வந்து காத்திருக்கிறார், தன்னை எடுத்துக்கொண்டால் மனைவி மக்களை விட்டுவிடுவார்கள் என்று. போலீஸ்காரனிடம் தாய் அவர் வீட்டில் இல்லை என்று பொய் சொல்கிறாள். அவர் அறைக்குள்ளிருந்து வெளியே வந்து நிற்கிறார். தாய் பொய் சொன்னாளே என்று குழந்தை ஸாராவுக்குத் திகைப்பு. தந்தை ஆஷ்விட்ஸில், ஓய்வுநாளில் வேலை செய்ய மறுத்ததற்காகக் கொல்லப்பட்டார் என்பது பின்னால் தெரிகிறது. அவரிடமிருந்து மிஞ்சியது ஒரு பௌண்டன் பேனா. தாயின் கைப்பையிலிருந்து ஸாரா எடுத்துக்கொண்டது. பழுதாகி, ஒட்டுப்போட்டு, எழுதும் மேஜைமேல் கிடக்கிறது.

1943 பிப்ரவரியில் ஓர் இரவு, இன்று உங்களைப் பிடிக்க வருகிறார்கள் என்று செய்தி வருகிறது. தாயும் எட்டு வயது ஸாராவும் ஓர்தனே தெருவிலிருந்து லபா தெருவுக்கு நடக்கிறார்கள். ஒரு மெட்ரோ நிலையத் தூரம்தான். வழியெல்லாம் குழந்தை வாந்தி எடுக்கிறது. லபா தெருவில் தெரிந்த கிறிஸ்தவப் பெண்மணி ஒருத்தி. மெமே என்று கூப்பிடுகிறார்கள்; பாட்டி என்பதுபோல. ஓர் இரவுக்கு என்று போனவர்கள் பாரிஸ் விடுதலையாகும்வரை அங்கே இருக்கிறார்கள்.

ஸாராவை இதற்கு முன் கிராமத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பன்றிக்கறி தின்ன மாட்டேன் என்று அழுது, தாயைப் பிரிந்து இருக்க முடியாமல் திரும்பிவந்தவள். அவ்வளவு தாய்ப்பிடிப்பு, அவ்வளவு ஆசாரம். மெமே அவளுக்கு ஸூஸான் என்று பெயர் வைக்கிறாள். தலைமயிரை வேறு மாதிரி வாரிவிடுகிறாள். யூதச் சாப்பாடு உடம்புக்கு ஆகாது என்று குதிரைக்கறியைப் பச்சையாகச் சூப்பில் போட்டுக் கொடுக்கிறாள். தாய் வெளியே தலைகாட்ட முடியாமல் அதே வீட்டில் அடைந்துகிடக்கிறாள். மெமேயும் ஸூஸானும் தாயும் மகளுமாகக் கடைத்தெருவுக்குப் போய் வருகிறார்கள். மெமேக்கு யூதர்களைப் பற்றி எல்லா மாமூல் துவேஷமும் உண்டு. மூக்கைப் பற்றிக்கூடப் பேசுவாள். ஸ்பினோஸாவும் பெர்க்ஸனும் யூதர்கள் என்று முதலில் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். தன் உயிரைப் பணயம் வைத்து இரண்டு யூத உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டே ஒரு குழந்தையிலிருந்து யூதத்தைச் சுரண்டி எடுத்தாள். இவை இரண்டையும் கோஃப்மன் ஒரே குரலில் சொல்கிறார். ஆனால், இருந்தாலும், என்று தூக்கி நிறுத்தும் இடைச்சொற்கள் இல்லை.

அன்னையர் தினம் வருகிறது. ஸாரா இரண்டு வாழ்த்து அட்டைகள் வாங்குகிறாள். இரண்டில் அழகானதை மெமேக்குக் கொடுக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அட்டையை மாற்றிக்கொள்ளவில்லை.

என் தராசு இங்கேதான் உடைகிறது. இரண்டு வாழ்த்து அட்டைகளில் எது அழகு என்று பார்ப்பதைவிட உக்கிரமான காட்சி கோஸின்ஸ்கியின் நாவலில் ஒன்றுகூட இல்லை. அங்கே குழந்தைக்கு நடக்கிறது. இங்கே குழந்தை செய்கிறது. அதுவும் அன்பினால் செய்கிறது. வெளியே போலீஸ் தேடுகிறது, தந்தை போய்விட்டார், பக்கத்து அறையில் பெற்றவள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை அவளுக்கு இரண்டாவது அட்டையைக் கொடுக்கிறது. ஒளிந்து பிழைத்த குழந்தையின் குற்றவுணர்ச்சி என்று மனோதத்துவத்தில் வண்டி வண்டியாக எழுதியிருக்கிறார்கள். அதன் முழு எடையும் தபாலட்டை அளவில் இங்கே இருக்கிறது.

விடுதலைக்குப் பின் தாய் மகளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாள். மெமேயைப் பார்க்க ஒரு மணி நேரம் அனுமதி, தாமதித்தால் வாரடி. வழக்கு நடக்கிறது. தீர்ப்பு மெமேக்குச் சாதகமாகிறது. தாய் அடித்தாள் என்பது அவளுக்கு எதிராகப் போகிறது. தீர்ப்பு முடிந்து வெளியே வருகையில் தாய் இரண்டு ஆட்களோடு வந்து மகளைப் பிடுங்கிக்கொண்டு போகிறாள். ஸாரா கத்துகிறாள், அழுகிறாள். உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது என்றும் எழுதுகிறார். விளக்கம் இல்லை. அடுத்த அத்தியாயம்.

இது ஒரு வீட்டுச் சண்டை அல்ல. பெற்றோரை முகாமில் பறிகொடுத்த ராபெர், ஜெரால் ஃபினலி என்ற இரு சகோதரர்களைக் காப்பாற்றிய க்ரெனோபிள் பெண்மணி 1948இல் அவர்களுக்கு ஞானஸ்நானம் செய்வித்து, உறவினரிடம் ஒப்படைக்க மறுத்தார். பாதிரிமார்களும் கன்னிகாஸ்திரீகளும் குழந்தைகளை ஸ்பெயினுக்குக் கடத்தினார்கள். 1953வரை பிரான்ஸ் முழுக்க அமளி. காப்பாற்றியவளுக்கு உரிமை உண்டா என்ற கேள்வியைப் பத்திரிகைகள் சட்டமாகவும் மதமாகவும் விவாதித்தன. கோஃப்மனின் புத்தகத்தில்தான் அந்தக் கேள்வி குழந்தையின் வயிற்றுக்குள் போகிறது. வயிறு என்பது உருவகம் அல்ல. புத்தகம் முழுக்க வாந்தியும் பட்டினியும் தின்பண்டமும்தான்.

இது இலக்கியமா, நோயாளியின் குறிப்பா என்று ஒரு நண்பர் கேட்டார். ஒருத்தி ஞாபகங்களை வரிசையாக எழுதிவிட்டால் சிருஷ்டியாகிவிடுமா என்பது அவர் வாதம். நியாயமான கேள்வி. ஓரிடத்தைக் காட்டுகிறேன். வாழ்க்கைக் கதை ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று இரண்டு அத்தியாயங்கள் விலகிப்போகின்றன. ஒன்றில், தன் முதல் நூலின் அட்டையில் போட்ட லியனார்டோவின் சித்திரம்: கன்னி மேரியும் அன்னை அன்னாவும் குழந்தையும். அதைப் பற்றி ஃப்ராய்ட் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறார். லியனார்டோவுக்கும் இரண்டு தாய்கள். அன்னாவின் புன்னகை, மகனைப் போட்டிக்காரியிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்த பெற்றவளின் பொறாமையை மறைக்கிறது என்பது ஃப்ராய்டின் வாதம். இன்னொன்றில் ஹிட்ச்காக்கின் 'சீமாட்டி மறைகிறாள்'. ரயிலில் அன்பான கிழவி உட்கார்ந்திருந்த இடத்தில், அவளுடைய உடையிலேயே, கடுமுகக்காரி ஒருத்தி உட்கார்ந்திருக்கும் கணம். தத்துவப் பேராசிரியையின் புத்தி சாமர்த்தியம் என்று முதல் வாசிப்பில் இவற்றைத் தாண்டிப் போய்விடலாம். ஆனால் கவனித்தால், நூல் முழுவதிலும் பெற்ற தாய்க்காக ஒரு சொட்டு இரக்கம் நேராகச் சொல்லப்படவில்லை. அடிப்பவள், இருட்டில் பூட்டிவைப்பவள், படிப்பைக் குறுக்கே தடுப்பவள். சரியாக பிரெஞ்சு பேசக்கூடத் தெரியாத அந்தப் பெண், கணவனைப் பறிகொடுத்து, ஓர் அறையில் ஒண்டி, தன் மகள் தன் கண்ணெதிரே கருணையால் களவுபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, அந்த வேதனைக்கு நூலில் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. அது ஃப்ராய்டின் மேற்கோளில், லியனார்டோவின் தாயின் புன்னகையில். மகளால் சொந்த வாயால் சொல்ல முடியாததை இரவல் வாயால் சொல்கிறாள். நோயாளியின் குறிப்பில் இந்த அமைப்பு வராது.

மெமே கடைசியில் முதியோர் விடுதியில் இறந்துபோனாள். அடக்கத்துக்குக் கோஃப்மனால் போக முடியவில்லை. போரின்போது ஒரு யூதச் சிறுமியைக் காப்பாற்றியவள் என்று கல்லறையருகில் பாதிரியார் நினைவுகூர்ந்ததாக அறிந்தேன் என்று எழுதுகிறார். புத்தகம் அதோடு முடிகிறது. ஸாரா என்றா ஸூஸான் என்றா, பாதிரியார் ஏதாவது பெயர் சொன்னாரா என்பது அதில் இல்லை.